நூற்றுப் பதினான்காம் பக்கத்தின் ஓரம்

அனுஷியாவுக்கு முப்பத்தாறு வயது. பல்லேகலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்த அவள், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கென எழுதப்படும் நாவல்களைத் தவிர வேறெதையும் விரும்பிப் படித்ததில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தால் இருபது பக்கம். நின்றுகொண்டு போனால் எட்டுப் பக்கம். படித்ததைத் தன் வலைப்பூவில் எழுதுவாள். அதே பித்துப் பிடித்த இன்னும் நால்வர் கண்டியைச் சுற்றி இருந்தார்கள், அவர்களும் வலைப்பதிவர்களே.

அந்த ஐவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகம் ஒன்றுதான் வாங்குவார்கள். அது ஐவரில் ஒருத்தியான நுஸ்ஹாவின் புத்தகக் கடை வழியாகக் கைமாறும். ஒவ்வொருவரும் பக்க ஓரங்களில் பென்சிலால் தம் மனத்தில் பட்டதை எழுதுவார்கள். புத்தகம் வாங்கியவரிடம் திரும்பியதும், அவர் எல்லாக் குறிப்புகளையும் வாசித்த பின்னரே பதிவு எழுதவேண்டும். ஹபீலின் குறிப்புகள் பெரும்பாலும் ‘இங்கு அழுதேன்’ என்றே இருக்கும். கலகெதரையில் வசித்த மதுஷா, குழுவில் மிக இளையவள், பென்சில் தாளில் படுகிறதோ இல்லையோ என்னும்படி மெல்லியதாக எழுதுவாள்.

இம்முறை அவள் வாங்கியிருந்த புத்தகம் புதன்கிழமை மாலை திரும்பி வந்தபோது அனுஷியாவுக்குப் பொறுமை இல்லை. போட்டியன்று ஓடாமல் மைதானத்துக்கு வெளியே நின்றுவிடும் ஓட்டக்காரியைப் பற்றிய நூற்றுப் பதினான்காம் பக்கம் அவளை உலுக்கிய பக்கம். குறிப்புகளை வாசிக்காமலே அதனைப் படம் பிடித்தாள். எழுத்துகள் தெளிவாகத் தெரியவேண்டுமென்று படத்தைச் சற்றே கறுப்பாக்கினாள். பதிவேற்றிவிட்டு உறங்கினாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் மதுஷா அழைத்தாள்.

“அக்கா, நீங்க பாத்துட்டுத்தான் போட்டீங்களா?”

“எதம்மா?”

“கீழ ஓரத்துல நான் எழுதுனது.”

அனுஷியா படத்தை விரித்துப் பார்த்தாள். கறுப்பாக்கியதனால் மங்கலான பென்சில் எழுத்து எழுந்து நின்றது: ‘நானும் உயர்தரப் பரீட்சையில் கெமிஸ்ட்ரி பேப்பர் எழுதவில்லை. மூன்று மணித்தியாலம் பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். வீட்டில் தெரியாது.’

“அப்பா கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் மக கெம்பஸ்ல படிக்கப்போறான்னு சொல்லிக்கிட்டிருக்காரு. சித்தி என் எழுத்தக் கண்டுபுடிச்சிட்டாங்க. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசுறாங்களாம். அக்கா, அது உங்க எழுத்துன்னு ஒரு பதிவு போட்டுருங்களேன். நீங்க சொன்னா நம்புவாங்க.”

படத்தை உடனே நீக்கினாள். அதற்குள் நாற்பத்திரண்டு பேர் பகிர்ந்திருந்தார்கள். பிற்பகல் முழுவதும் எதிரே திறந்திருந்த வரவுப் பதிவேட்டில் ஒரு வரியும் அவள் கண்ணில் ஏறவில்லை. ஐந்து பேர் மட்டுமே பார்ப்பார்கள் என்னும் நம்பிக்கையில் ஒரு பெண் இறக்கிவைத்த சுமையை, அழகான படம் வேண்டுமென்ற ஆசையில் தான் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டதையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து நேரே நுஸ்ஹாவின் கடைக்குப் போனாள். மதுஷாவிடமிருந்து விஷயம் அறிந்த நுஸ்ஹா மேசைமீது ஓர் அழிறப்பரை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“வாங்க, அவசரக்காரி. புள்ள எழுதீக்கிறத ஒருக்காப் பாத்தீந்தா என்ன? சரி, கொண்டாங்க, அழிப்பம். பொறகு நீங்கதான் எழுதினண்டு சொல்லிருங்க. ஒங்கட வயசுல யாரும் பரீட்ச எங்கண்டு கேக்க மாட்டாங்க.”

அனுஷியாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே மறைந்தது. அவ்வாறே எழுதிய ஒரு பதிவு அவளது கைப்பேசியில் ஆயத்தமாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஞாயிற்றுக்கிழமையைச் சமாளித்துவிடலாம். ஆனால் இன்னும் இரண்டு மாதத்தில் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளைச் சமாளிக்க முடியாது. அன்று மதுஷா பஸ் தரிப்பிடத்தில் இருந்ததைப் போலவே மறுபடியும் தனியாக இருப்பாள்.

“பொய் சொன்னா எனக்குத்தான் லேசாப் போகும், நுஸ்ஹா.”

“அவக்கும் லேசுதானே?”

“ரெண்டு மாசத்துக்கு.”

அனுஷியா பதிவை அழித்துவிட்டு மதுஷாவுக்குச் செய்தி எழுதினாள்: ‘என்னால் அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஆனால் சித்தி வருவதற்கு முன் நான் வருகிறேன். படம் போட்ட பிழை என்னுடையது என்று அப்பாவிடம் நானே சொல்வேன். மற்றதை நீ சொல்லும்போது பக்கத்தில் இருப்பேன். வரவேண்டாம் என்றால் சொல்.’

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. கடைக்கு வெளியே கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கமிருந்து வந்த பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஹோர்ன் அடித்தன. நெடுநேரத்துக்குப் பின் ஒரே ஒரு வரி வந்தது: ‘காலையில எட்டு மணிக்கு அப்பா கடை தொறப்பாரு, அதுக்கு முன்ன வாங்க.’

நுஸ்ஹா அதனை எட்டிப் பார்த்துவிட்டு, அழிறப்பரை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டாள்.

அனுஷியா புத்தகத்தைத் தன் கைப்பையில் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழம மொத பஸ்ஸுல கலகெதரைக்குப் போறேன்” என்றாள்.