பெயர் சொல்லாத பிரார்த்தனை

"யாரு அவன்?"

கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் அம்மா கேட்டாள். கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போன நல்ல உடுப்பைக்கூட அவள் இன்னும் மாற்றவில்லை. அப்பா சமையலறை வாசலில் நின்று, காலி டம்ளருக்குள் ஏதோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி, அம்மாவின் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஒண்டியிருந்தாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு அந்த இடம் பற்றாது. முழங்கால் மெஷினின் காலில் இடித்தது.

"அத்தை யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னாங்க" என்றாள் குட்டி.

அம்மா கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் காலையில் சபைக் கூடத்தில் கண்ணை மூடி நின்றதிலிருந்து அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சபைத் தலைவரின் மனைவி. ஊரே அவளைச் சபையம்மா என்றுதான் கூப்பிடும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வேண்டும், இல்லாவிட்டால் கண்ட கண்ட இடத்தில் கண்டதையும் கற்றுக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று சபையில் பேச்சு வந்தபோது, நானே எடுக்கிறேன் என்று அவள்தான் முன்வந்தாள். மெச்சத்தக்க காரியம்தான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்த அன்று அறிவியல் டீச்சர் நாலு பக்கத்தைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டில் பெரியவர்கள், அதெல்லாம் வகுப்பில் சொல்லுவார்கள் என்றார்கள். பந்து இப்படி உருண்டு உருண்டு கடைசியில் அத்தையின் காலடியில் வந்து நின்றது.

அத்தைக்கும் அதை எடுத்து வீசத் துணிவில்லை. உடம்பின் எந்த உறுப்புக்கும் பெயர் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அதனால் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மனசு கலப்பது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண் ஒரு பையனோடு மனசு கலந்துவிட்டால் கறை படிந்துவிடும், வயிற்றில் பிள்ளை தங்கிவிடும், அப்புறம் அழுது பயனில்லை என்றாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தைக்கு அது என்னவென்று தெரியும். முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அது வெறும் வார்த்தை. அத்தையோடு கூடவே வந்து உட்கார்ந்திருக்கும் அவள் சின்ன மகள், பொடிசு, ஒரு தடவை கையைத் தூக்கி, "எப்படிக் கலக்கும்?" என்று கேட்டாள். அத்தை அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டாள்.

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வெகுளிப் பெண் உண்டா என்று கேட்பவர்கள், தாங்கள் எப்போது, யாரிடம், எவ்வளவு அரைகுறையாகத் தெரிந்துகொண்டோம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். குட்டிக்கும் அங்கங்கே காதில் விழுந்த சங்கதிகள் உண்டு. எது உண்மை, எது புளுகு என்று கேட்க ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் பயம் வந்து குந்திக்கொள்ளும்.

அவளுடைய விஷயம் இவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் பாட்டுக் குழுப் பிள்ளைகள்தான் நாற்காலிகளை அடுக்க வேண்டும். குழுவில் தாளம் தட்டும் பையன் ஒருவன், ஒல்லியும் உயரமுமாக இருப்பதால் ஒட்டடைக்குச்சி. ஒருநாள் அடுக்கிக்கொண்டே இருந்தவன் பாதியில் நின்று அழுதான். அவன் அம்மாவுக்கு ஆபரேஷன். குட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் சொன்னான், அவளும் சொன்னாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். வீட்டுக்கு வரும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. அந்த மாதம் தீட்டுத் தள்ளிப்போயிற்று. அடுத்த மாதமும் வரவில்லை.

அத்தையிடம்தான் போனாள். வேறு யாரிடம் போவாள்? வகுப்பில் அத்தைதானே, எதுவானாலும் என்னிடம் வாருங்கள், நான் உங்களுக்கு இன்னொரு தாய் என்று சொல்லியிருந்தாள்.

"அத்தை, நான் ஒருத்தனோட மனசு கலந்துட்டேன்" என்றாள் குட்டி. "எனக்கு வர வேண்டியதும் வரல."

அத்தை அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவினாள். அழுதாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். எந்தப் பையன், என்ன நடந்தது, எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கதை அங்கேயே சிரிப்பாக முடிந்திருக்கும். கேட்க வேண்டுமானால் அந்தச் சொற்களை வாயால் சொல்ல வேண்டும், அது அவளால் ஆகாது.

சபையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கூட்டத்தின் நடுவில் யாருக்காவது துன்பம் என்றால் எழுந்து சொல்லலாம். எல்லாரும் அவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். மானம் போகக்கூடாது என்பதற்காகப் பெயரைச் சொல்லமாட்டார்கள். அன்று அத்தை எழுந்து, நம் சபையின் ஒரு மகளுக்குக் கறை படிந்துவிட்டது, பாட்டுக் குழுவில் நிற்கிற மகள், தினம் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற மகள், அவள் வயிற்றுப் பாரம் நீங்க வேண்டிக்கொள்ளுங்கள் என்றாள். சபை வேனை ஓட்டுவது குட்டியின் அப்பா. முன்சீட்டில் வேறு யார் உட்காருவார்கள்? அத்தை பெயரை மட்டும்தான் சொல்லவில்லை, விலாசத்தைச் சொல்லிவிட்டாள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூடிய கண்களை ஒவ்வொன்றாகத் திறந்து குட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். முன்வரிசையில் நின்று வேண்டிக்கொண்டிருந்த குட்டிக்கு, அது தனக்காகத்தான் என்று புரியவே சற்று நேரம் ஆயிற்று.

மறுநாள் காலையில் அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா முதலில் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னாள். யாராவது உன்னை மிரட்டினார்களா, தொடக்கூடாத இடத்தில் தொட்டார்களா என்று குட்டியிடம் கேட்டாள். குட்டி நாற்காலி அடுக்கியதையும் கையைப் பிடித்ததையும் மனசு கலந்ததையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். சிரிக்கவில்லை. பரிசோதனை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு ரத்தம் குறைவு, இந்த வயதில் தள்ளிப்போவது சகஜம், வேறு ஒன்றுமே இல்லை என்றாள். அப்புறம் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு, எந்த உறுப்புக்கு என்ன பெயர், கரு எப்படி உண்டாகிறது, எப்படி உண்டாகாது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று, சமையல் குறிப்புச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அம்மா குட்டியைவிடக் கவனமாகக் கேட்டாள்.

வெளியே வந்ததும் அம்மா பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் இதெல்லாம் யாரும் சொன்னதில்ல" என்றாள். "கல்யாணத்தன்னிக்கு நான் எவ்வளவு பயந்தேன்னு உங்கப்பாவுக்கே தெரியாது. உன்னையும் அப்படியே விட்டுட்டேன் பாரு. அதுக்கும் மேல நேத்து உன்னை அப்படிக் கேட்டுட்டேன்."

குட்டி, அம்மாவின் கை தன் கைமேல் வந்தபோது இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கே அத்தை வீட்டுக்குப் போனார்கள். அம்மா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அத்தை நெஞ்சில் கைவைத்து, பெருமூச்சு விட்டு, குட்டியின் நெற்றியில் முத்தமிட்டாள்.

"அண்ணி, கூட்டத்துல சொன்னதைக் கூட்டத்துலதான் திருப்பணும்" என்றாள் அம்மா. "நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நீங்களே சொல்லணும்."

"சொல்றேம்மா. என் தம்பி பொண்ணு எனக்கு வேத்தாளா? அவ நல்ல பேரை நானே மீட்டுத் தர்றேன்."

குட்டி நம்பினாள். அந்த வாரம் பாட்டுக் குழுவில் நிற்க வேண்டாம் என்றார்கள், பொறுத்துக்கொண்டாள். வேனில் பிள்ளைகள் அவளுக்குப் பின்சீட்டில்கூட உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டாள். ஒட்டடைக்குச்சியோடு அவள் பேசிக்கொண்டு நின்றதை யாரோ பார்த்துச் சொல்ல, அவனை அவன் வீட்டார் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டபோதுதான் அழுதாள். கூட்டத்தன்று எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூட்டத்தன்று அத்தை எழுந்து மைக்கின் முன்னால் வந்தாள். முகம் பூரித்திருந்தது. போன கூட்டத்தில் ஒரு மகளுக்காக வேண்டிக்கொண்டோம் அல்லவா என்று ஆரம்பித்தாள்.

"கடவுள் நம்ம பிரார்த்தனையைக் கேட்டுட்டாரு. பாரம் நீங்கிடுச்சு. டாக்டரே பார்த்துட்டு வயித்துல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க."

கூடம் ஆர்ப்பரித்தது. பின்வரிசையில் யாரோ அழுதார்கள். இருந்த பிள்ளையைக் கடவுளே இல்லாமல் ஆக்கிவிட்டார் என்று அத்தனை பேரும் கைகூப்பி நன்றி சொன்னார்கள். போன தடவையாவது அத்தைக்குத் தெரியாது. இந்தத் தடவை தெரிந்தே சொன்னாள். தான் தப்புச் செய்தேன் என்பதைவிட, கடவுள் அற்புதம் செய்தார் என்பது அவள் வாய்க்குச் சுலபமாக இருந்தது.

தலைவர் மாமா மேடையிலிருந்து, அந்த மகள் வந்து நன்றி சொல்லட்டும் என்றார். இப்போதும் பெயர் சொல்லவில்லை. அப்பா இருக்கையிலிருந்து திரும்பினார். அவர் எழுந்து ஏதாவது சொல்வார் என்றுதான் குட்டி நினைத்தாள்.

"போய் ஒரு நன்றி மட்டும் சொல்லிட்டு வாம்மா" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "இதோட விஷயம் முடிஞ்சுடும். அக்காவை நாலு பேருக்கு முன்னால பொய்க்காரி ஆக்க வேணாம்."

குட்டி அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். அம்மா தடுக்கவில்லை. மைக் பெரியவர்கள் உயரத்துக்கு இருந்ததால் எம்பி நிற்க வேண்டியிருந்தது.

"எனக்குப் பாரம் எதுவும் நீங்கல. ஏன்னா எனக்குப் பாரமே இல்ல" என்றாள். "நான் அத்தைகிட்ட ஒரு சந்தேகம் கேட்டேன். அவங்க பதில் சொல்லல, உங்ககிட்ட சொல்லிட்டாங்க. மனசு கலந்தா குழந்தை வராது. யாரும் பயப்படாதீங்க."

மைக் அணைந்தது. யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை. முன்வரிசையிலிருந்து பொடிசு எழுந்து நின்றாள். அவளுக்கு ஊர் வம்பு எதுவும் தெரியாது, விடை கிடைக்காத ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

"அப்ப எப்படித்தான் வரும்?" என்று கேட்டாள்.

அத்தை மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். பொடிசு உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளைகளும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் மாமா அவசர அவசரமாகப் பாட்டுக் குழுவுக்குக் கைகாட்டினார். இருப்பதிலேயே நீளமான பாட்டை எடுத்தார்கள். பெரியவர்கள் என்றைக்கும் இல்லாத சத்தத்தோடு பாடினார்கள்.

குட்டி மேடையைவிட்டு இறங்கவில்லை. பாட்டு முடியட்டும் என்று கைகட்டிக்கொண்டு நின்றாள்.