இடப்பக்கம் சாய்ந்த ஓட்டை

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு டேங்க்காரரின் மைத்துனன் வயிற்றில் ஓட்டை விழுந்தது. தொப்புளுக்கு இடப்பக்கம், இரண்டு விரல் தள்ளி, சுண்டுவிரல் நுழையும் அளவு. முன்னால் தொடங்கி முதுகு வரைக்கும் போயிருந்தது. ரத்தம் இல்லை, வலியும் இல்லை. அக்கா வீட்டுச் சமையலறையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவன், நாலு வாய் குடித்த பிறகு சட்டை நனைவதைப் பார்த்துத்தான் கழற்றினான். குனிந்து பார்த்த அக்காவுக்கு அவன் வயிற்றின் வழியாகப் பின்சுவரில் இருந்த சுவிட்ச் தெரிந்தது. ஓட்டையிலிருந்து டீசல் வாடை அடித்தது.

டேங்க்காரர் என்பது ஊர் வைத்த பெயர். வண்டிகளின் டேங்க்குகளை இறக்கி, ஒட்டி, திரும்ப மாட்டுவது அவர் தொழில். முன்பெல்லாம் துருப்பிடித்த டேங்க் மாதத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். எரிபொருளுக்கு வரிசையில் நிற்கும் காலம் வந்ததும் திருடர்கள் மூடியைத் திறந்து குழாய் விட்டு உறிஞ்சினார்கள். வண்டிக்காரர்கள் மூடிக்குப் பூட்டுப் போட்டார்கள். அதன்பிறகு திருடர்கள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தீப்பொறி பறக்காதபடி கையால் சுற்றும் டிரில்லால் துளை போட்டார்கள். வாரத்துக்கு ஏழெட்டு டேங்க் வர ஆரம்பித்தது. டேங்க்காரர் மிச்சத்தை வடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தரம் குலுக்கிக் கழுவி, ஓட்டை மேலே வரும்படி கவிழ்த்து, விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் நிரப்புவார். அதற்குப் பிறகுதான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோவார். காலி டேங்க்தான் ஆளைக் கொல்லும், உள்ளே மிச்சமிருக்கும் ஆவி அப்படி.

மூன்றாவது வண்டியிலேயே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. துளை நேராக இறங்காமல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மைத்துனன் இடதுகைக்காரன், பட்டறையில் அவரிடம் ஒரு வருஷம் வேலை பார்த்தபோது டிரில்லை அப்படித்தான் சாய்த்துப் பிடிப்பான், அவரும் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். இப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி கூடப்பிறந்தவன், போலீசில் மாட்டினால் எலும்பை எண்ணிவிடுவார்கள். தவிர, பட்டறையில் வேலை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனன் சாப்பிட வந்தால் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு வேறு ஏதாவது பேசுவார்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் பாலத்து நடுவில் நின்றுபோனது. அதில் எரிபொருள் முள் வேலை செய்து நாலு வருஷம் ஆகியிருந்ததால், டேங்க் காலி என்பது டிரைவருக்குத் தெரியவில்லை. உள்ளே தையற்காரரின் மனைவி பிரசவ வலியில் இருந்தாள். உச்சி வெயிலில் தையற்காரர் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். மூன்று வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. நாலாவது வண்டி நின்றபோது அவளும் இல்லை, குழந்தையும் இல்லை.

செவ்வாய் காலையில் ஆம்புலன்ஸைக் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டார்கள். டேங்க்காரர் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். துளை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“யாரு வேலைன்னு தெரியுதாண்ணே?” என்று டிரைவர் வெளியிலிருந்து கேட்டார்.

“ஓட்டையில பேரா எழுதியிருக்கு?” என்றார் டேங்க்காரர்.

வழக்கம்போலக் கழுவினார், தண்ணீர் நிரப்பினார், தகடு வைத்துப் பற்றவைத்தார். தகடு பிடித்துக்கொண்டபோது பதினோரு மணி. ஆம்புலன்ஸில் மூடிய ஓட்டை அதே நேரத்தில் மைத்துனனிடம் திறந்தது.

டாக்டர் ஓட்டைக்குள் விளக்கடித்து, புண் இருந்தால் வைத்தியம் பார்க்கலாம், இது சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கே தம்பி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் அழவில்லை. பட்டறைக்கு வந்து கணவரிடம் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“மூணாவது வண்டியிலயே தெரியும்.”

“ஊர்ல இருக்கிற டேங்கையெல்லாம் ஒட்டுறீங்கல்ல. இதையும் ஒட்டுங்க.”

அதற்குப் பிறகு பதினோரு மாதம் அவள் அவரிடம் பேசவில்லை. அவர் ரப்பர் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் வாஷர் போட்டு போல்ட்டை முறுக்கிப் பார்த்தார். கல்லாக இறுகுகிற பசையைக் குழைத்து அடைத்தும் பார்த்தார். எல்லாமே பொழுது சாய்வதற்குள் கழன்று விழுந்தன. குடிப்பதில் பாதி வெளியே போனதால் மைத்துனனுக்கு எந்நேரமும் தாகம். தூங்கும்போதுகூட நாக்கு வறண்டு எழுந்துகொள்வான். ஆறே வாரத்தில் ஆள் பாதியாகிப்போனான்.

ஒருநாள் அவன் யாரிடமும் சொல்லாமல் தையற்காரர் கடைக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டி, நடந்ததைச் சொன்னான். தையற்காரர் மெஷினை நிறுத்தினார். பழக்கதோஷத்தில் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து ஓட்டையை அளந்தார்.

“வலிக்குதா?”

“இல்லண்ணே.”

“வலிக்கணும்” என்றார் தையற்காரர். பிறகு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். அவன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

டேங்க்காரர் குளிக்கும்போதெல்லாம் தன் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், கைக்கண்ணாடி வைத்து முதுகு. எங்கேயும் ஒன்றும் இல்லை. முதலில் அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் இல்லை. வருஷம் திரும்பியதும் அவரும் தையற்காரரிடம் போனார்.

“எனக்கு முன்னாடியே தெரியும் தம்பி. அப்பவே சொல்லியிருந்தா அந்த வண்டி நின்னிருக்காது.”

தையற்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு எங்க?”

“எங்கயும் இல்ல. தேடிப் பாத்துட்டேன்.”

“அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

தையற்காரர் பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, “கதவைச் சாத்திட்டுப் போங்க” என்றார்.

ஊருக்கு மெல்ல மெல்ல ஓட்டை பழகிவிட்டது. முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிறகு வேறு வேலை பார்க்கப் போனார்கள். டேங்க்காரர் வீட்டில் மனைவி ஒருநாள் “உப்பு தீந்துபோச்சு” என்றாள். அதிலிருந்து பேச்சுத் தொடங்கியது, தேவைக்கு மட்டும். நாலாம் வருஷம் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகைக்குக் காவலாள் கேட்டார்கள். தாகத்தில் கண் மூட முடியாதவனைவிட நல்ல ஆள் கிடைக்கவில்லை. மைத்துனனைச் சேர்த்துக்கொண்டார்கள். அடையாள அட்டைக்கு ஆபீசுக்குப் போனபோது, ஜாமீன் கையெழுத்துப் போட டேங்க்காரரும் கூடப் போனார். கிளார்க் தலை நிமிராமல் அங்க அடையாளம் கேட்டார். மைத்துனன் சட்டையைத் தூக்கினான். கிளார்க் எட்டிப் பார்த்து, ‘வயிற்றின் இடப்பக்கம் ஓட்டை ஒன்று’ என்று எழுதிக்கொண்டு, “ரெண்டாவது?” என்றார். அவன் முழங்கை மச்சத்தைக் காட்டினான். அடுத்து ஜாமீன்தாரர்.

“ஒண்ணும் இல்லீங்க” என்றார் டேங்க்காரர்.

“ஒண்ணுமே இல்லாம எப்படி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“பாத்துட்டேங்க. தினமும் பாக்குறேன்.”

கிளார்க் அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.