இப்போது வர வேண்டாம்

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குக் கீர்த்தனா இன்னும் நூறு மணி நேரம் பறந்தாக வேண்டும். செலவு குறைவென்று தென்னாப்பிரிக்காவில் மூன்று விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போன் போட்டாள். இரண்டில், நாளைக்கே கிளம்பி வரச் சொன்னார்கள். மூன்றாவதில் பேசிய பெண்மணியோ, "மார்ச் வரை மதியமானால் இடிமழை. விமானம் ஷெட்டில் நிற்கும், நீங்கள் சும்மா அறை வாடகை கட்டுவீர்கள். மே மாதம் வாருங்கள்" என்றார்.

"வர்றவளையே வேண்டாங்குது, இதெல்லாம் ஒரு ஸ்கூலா?" என்று தாளில் எழுதியிருந்த அந்தப் பள்ளியின் பெயரை அடித்தாள்.

தோட்டத்தில் தக்காளிப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் சிவபிரகாஷ் நிமிர்ந்தான்.

"ஏம்புள்ள, ஒட்டன்சத்திரத்துல அத்தன கமிஷன் கடை இருக்குது. நாம ஏன் ஒருத்தருக்கே காய் போடறோம்?"

அவளுக்குத் தெரியும். விலை விழுந்தால், 'நாளைக்குப் பறிக்காதீங்க' என்று முந்தின நாளே சொல்லிவிடுகிறவர் அந்தக் கடைக்காரர் ஒருவர்தான்.

அடித்த பெயரை மறுபடி எழுதினாள்.

மே மாதம் போனாள். ஒருநாள்கூட மழை குறுக்கே வரவில்லை. நூறாவது மணி நேரம் முடிந்து இறங்கியதும் நேராக அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெண்மணியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கள் ஊரில் உங்களைப் போலவே ஒரு தக்காளிக் கடைக்காரர் இருக்கிறார்" என்றாள்.