அழுத்திப் பார்ப்பது

மாலை ஏழு பத்து. பெருங்குடி ஆபீஸிலிருந்து வந்த ரெனிட்டா உட்காரவில்லை. நேராகப் போய்க் கை கழுவினாள். அக்கா கரோல் கட்டிலில் சாய்ந்து நைட்டியின் பட்டன்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக இந்தச் சோதனை, வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை.

புற்றுநோய்க்காக இடது மார்பின் உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, மேல்தோலையும் காம்பையும் மட்டும் விட்டுவைத்து, உள்ளே சிலிக்கோன் வைத்துத் தைத்திருந்தார்கள். "எது போனாலும் போகட்டும் டாக்டர், அது மட்டும் இருக்கட்டும்" என்று கரோல் கேட்டு வாங்கியது. டாக்டர் இரண்டு ஆபத்துகளைச் சொல்லியிருந்தார். ரத்தம் ஓடாவிட்டால் காம்பு கருகிவிடும். காம்புக்கு அடியில் எடுத்த துணுக்கில் புற்று இருந்தால் காம்பை எடுத்துவிட வேண்டும். ஆபரேஷன் நடக்கும்போதே அவசரமாகப் பார்த்ததில் சுத்தம் என்றார்கள். முழு ரிப்போர்ட் பிறகு வரும்.

அந்த ரிப்போர்ட்டை எல்லோரும் மறந்திருந்தார்கள். நாலாம் நாள் காம்பின் ஓரம் கறுத்தது. அன்று கரோல் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை.

விரலால் அழுத்தி விட வேண்டும். இரண்டு எண்ணுவதற்குள் நிறம் திரும்ப வேண்டும். கரோல் கறுப்பு, டியூப்லைட்டில் தெரியாது. ரெனிட்டாவின் போனில் டார்ச் போட்டுப் பிடிப்பது கரோலின் கணவர் ஹென்றி.

"மாமா, செவுத்துல பல்லிதான் கீது. இங்க காட்டுங்க."

"காட்டிக்கினுதான இருக்கேன்."

"இருபது வருசமா பாத்ததுதான்," என்றாள் கரோல். "இப்ப இன்னா வெக்கம்?"

ரெனிட்டா கட்டிலோரம் உட்கார்ந்து அழுத்தினாள். விட்டாள். ஒன்று. இரண்டு. நிறம் வந்தது. நம்பாமல் மறுபடி அழுத்தினாள். வந்தது.

வெளிச்சம் ஆடியது.

"ரெனி, லேப்லேந்து ஏதோ வந்துகீது," என்றார் ஹென்றி.

கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் காம்புக்கு அடியில் எடுத்த துணுக்கைப் பற்றி ஒரே வரி. புற்றுச் செல்கள் உள்ளன. இன்னொரு முறை படித்தாள். டார்ச்சை அணைக்க மறந்திருந்தாள். அது அவள் மடியில் எரிந்துகொண்டிருந்தது.

கரோல் தாடையைத் தாழ்த்தி மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே பாத்தேன்டி. ரெண்டு எண்றதுக்குள்ள திரும்பிடுச்சு. பொழச்சுக்கிச்சு இல்ல, ரெனி?"