மஞ்சள் பஸ்ஸில் ஒரு கட்டைவிரல்

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் காயவிடுவதில்லை. ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவை எடுக்கிறான், ஒரே மூச்சில் அடிக்கிறான், வழிந்ததும் கம்பெனியைத் திட்டுகிறான். அந்தக் கோபத்தில் பிறந்த கதை இது என்று முதலில் எழுதினேன். பொய். என் சிநேகிதன் லைல் என்மேல் போட்ட பழியில் பிறந்தது. நான் தொடவில்லை என்று எழுதிவைக்கத்தான் உட்கார்ந்தேன்.

2

"எங்கள் ஊர் டுலூத்தில் ஏரிக்காற்று ஈரமாக வீசிய அந்த…" வேண்டாம். ஈரக்காற்றில் அடித்தால் பெயின்ட் வெளுத்துப்போகும். லைல் அன்றைக்கு டப்பாவைத் தொட்டிருக்கவே மாட்டான்.

அவன் மனைவி மார்லிஸ் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். சனிக்கிழமை அவளுக்கு ஓய்வு விருந்து. அவளுக்குத் தெரியாமல் என் கராஜில் வைத்து அந்த பஸ்ஸைப் பிளாஸ்டிக்கில், ஒரு சாண் நீளத்தில் செய்தான். வெள்ளை அடிப்பூச்சு. பெயின்ட் இளக டப்பாவை வெந்நீரில் வைத்துவிட்டு, மஞ்சளை மெல்லிசாக நாலு தரம், ஒவ்வொரு வீச்சையும் பஸ்ஸுக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து அடித்தான். ஒரு சொட்டு வழியவில்லை. அந்த மஞ்சள் இப்போது விற்பதில்லை. டப்பாவும் காலி.

காய்ந்ததா என்று மூக்கை வைத்துப் பார், வாசனை வந்தால் காயவில்லை, விரல் மட்டும் வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

[நான் மூக்கை நம்புகிறவன் இல்லை. இந்த வரியை அடித்துவிட வேண்டும்.]

3

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸின் கூரையில் ஒரு விரல்ரேகை.

"கராஜ் சாவி உங்கிட்ட மட்டுந்தானடா இருக்கு, ஆரின்."

"உன் விரலாவே இருக்கும். உனக்குத்தான் எல்லாம் மறந்துபோகுதே."

"என் விரல்ல தழும்பு கிடையாதுடா."

ரேகையின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. என் கட்டைவிரலில் ரம்பம் கிழித்த தழும்பு உண்டு. [முந்தின பிரதியில் தழும்பை எழுதவில்லை.]

"தொட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். இல்லேன்னா நாப்பது வருஷ சிநேகம் இதோட சரி."

4

முடிவு ஒன்று: ஒத்துக்கொள்கிறேன். இருவரும் மணல்தாளால் தேய்த்து… தேய்க்கலாம், மேலே அடிக்க மஞ்சள் ஏது?

முடிவு இரண்டு: மார்லிஸ் பார்த்துச் சிரிக்கிறாள். "பிள்ளைங்க கைபடாத பஸ்ஸு எங்கய்யா இருக்கு?" அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

5

சனிக்கிழமை மணி மூன்று. பஸ்ஸை வாங்கிப்போக லைல் வெளியே வண்டியில் காத்திருக்கிறான். உள்ளே வரவில்லை. ரேகைக்கு மேலே, படாமல், கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தேன். பொருந்துகிற மாதிரி இருக்கிறது. மாதிரிதான். குனிந்து மோந்தேன். இன்னும் வாசனை வருகிறது.

வண்டிக்குப் போனதும் நான் என்ன சொல்வேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கையுறை மாட்டிக்கொண்டு பஸ்ஸைத் தூக்கிவிட்டேன், போகிறேன். மூக்கை என்றைக்குமே நம்பியதில்லை. இப்போது விரலையும் நம்பவில்லை.