காடு வைக்க வந்தார்கள்

புல்வெளிக் காவலர் உல்ஜான் எதிரே வந்தால் எங்கள் ஊரில் சிலர் வேறு பக்கம் திரும்பி நடப்பார்கள். அவள் நின்றால் புல்லைப் பற்றிப் பேசுவாள், பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். நான் திரும்பி நடந்ததில்லை. என் குதிரைகள் அவள் காவல் காக்கும் நிலத்தில்தான் மேய்ந்தன.

ஊருக்கு வடக்கே உள்ள அந்த நிலத்தைச் சோவியத் காலத்தில் உழுது கோதுமை போட்டார்கள். பிறகு அந்தப் பண்ணை கலைந்தது, நிலம் களை மண்டிப்போனது. உல்ஜான் வேலைக்கு வந்த பிறகு, கலப்பை ஏற முடியாத ஒரு சரிவில், பஞ்சுபோல வெள்ளைக் கதிர் விடும் இறகுப்புல் பிழைத்துக் கிடப்பதைக் கண்டாள். ஒவ்வொரு கோடையிலும் அங்கே போய்க் கையால் விதை உருவிச் சாக்கில் கட்டி வந்து தூவினாள். நானும் போயிருக்கிறேன். அந்த விதையின் கூர்முனை காலுறையைத் துளைத்துக்கொண்டு தோலில் ஏறும். முதல் சில வருஷங்கள் களையைத் தவிர ஒன்றும் வரவில்லை. கடைவாசலில் உட்கார்ந்திருப்பவர்கள், "என்னம்மா, இந்த வருஷம் தலையணைக்காவது பஞ்சு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு போவாள்.

பிறகு ஒரு ஜூன் மாதம் அந்த நிலம் வெள்ளியாக அலையடித்தது. குதிரைகளை உள்ளே விடச் சொன்னாள். அவை மேய்ந்து புல் கட்டையான இடங்களுக்கு, போன வருஷத்துக்கு முந்தைய வசந்தத்தில் ஆள்காட்டிப் பறவைகள் வந்து இறங்கின. தெற்கே வெகுதூரத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருகிற, இப்போது உலகத்திலேயே கொஞ்சமாக மிச்சமிருக்கிற வகை அது. வெறுந்தரையில் குளம்புக் குழி அளவு பள்ளத்தில் முட்டையிடும். அன்றைக்கு உல்ஜான் என் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் புளித்த குதிரைப்பால் குமிஸ் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போனாள்.

போன வருஷம் எங்கள் வட்டாரத்துக்குப் புது அக்கிம் வந்தார். பெயர் யெர்சாயின். அக்கிம் என்றால் வட்டாரத்துக்கே தலைவர். ஆனால் இவர் வயதில் இளையவர், நல்லவர், யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். வற்றிப்போன அரால் கடல் பக்கம் பிறந்தவர். உப்புப் புழுதி அடித்து அவருடைய அம்மா இருமி இருமியே இறந்ததாக அவரே ஒரு கூட்டத்தில் சொன்னார். எங்கே மரமில்லாத இடத்தைப் பார்த்தாலும் அவருக்கு அந்த இருமல்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாகாண ஆளுநர் வருகிறார் என்று தெரிந்ததும், வடக்கு நிலத்தில் பைன் காடு வைப்பது என்று முடிவெடுத்தார்.

உல்ஜான் அவரைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார், டீ வரவழைத்தார்.

"அக்கா, அது காலியாத்தானே கிடக்கு?" என்றார்.

"காலியா இல்ல. பறவை முட்ட வெக்கிற எடம். மரம் வந்தா காக்கா வந்து உக்காரும், முட்டையில ஒண்ணுகூட விடாது. அதுவும் பைன் அந்த மண்ணுல நிக்காது. மழ பத்தாது."

"தண்ணி லாரி ஏற்பாடு பண்ணியாச்சு."

"எத்தன நாளைக்கு ஊத்துவீங்க?"

"அக்கா, மரம் வைக்கக் கூடாதுன்னு சொல்ற ஒரு காவலர இன்னிக்குத்தான் பாக்குறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊருக்குள்ளே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், நானே குழி தோண்டுகிறேன் என்றாள். அங்கேயும் வைப்போம் என்று அவர் அன்பாகச் சொல்லி வாசல்வரை வந்து அனுப்பினார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம் என்று வண்டியில் வரும்போது சொன்னாள்.

அதன் பிறகு அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒரு இடத்தில் இது காட்டு இலாகா விஷயம் என்றார்கள். காட்டு இலாகாவில், காடே இல்லாத இடத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் இரண்டு டிராக்டர்கள் வந்தன. அதில் ஒன்றை ஓட்டியவன் அவளுடைய கணவனின் தம்பி. எங்கள் வழக்கப்படி, புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் சின்னப் பையன், வீட்டில் எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பான். அவனுக்குக் 'குறும்பன்' என்று பெயர் வைத்தாள். அவன் வளர்ந்து, மீசை முளைத்து, பிள்ளைகள் பெற்ற பிறகும் அவளுக்குக் குறும்பன்தான்.

அவள் கலப்பைக்கு முன்னால் போய் நின்றாள். தலைக்கு மேலே ஆள்காட்டிகள் கத்திக்கொண்டு பறந்தன.

"அண்ணி, ஒதுங்குங்க. எனக்கு இதுதான் வேல."

"குறும்பா, உன் சக்கரத்துக்கு முன்னால கூடு இருக்கு. இறங்கிப் பாரு."

"ஒரு குருவிக்காக என்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அண்ணி. அவரு கிட்ட போய்ப் பேசுங்க."

"பேசாமலா இருந்தேன்?"

அவன் வண்டியை நகர்த்தினான். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். உரக்கக்கூட இல்லை.

"மெய்ராம், நிறுத்து."

அவன் என்ஜினை அணைத்துவிட்டான். உதட்டில் அடி விழுந்தவனைப் போல அவளைப் பார்த்தான். பிறகு இறங்கி, கூட்டையும் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், ஊரை நோக்கி நடந்தான். நாங்கள் நாலைந்து பேர் அங்கே நின்றோம்.

மற்ற டிராக்டர் நிற்கவில்லை. அதை ஓட்டியவன் வெளியூர்க்காரன், அவளுக்கு அவன் எந்த உறவும் இல்லை. அவள் ஓடிப் போய் மறித்தபோதெல்லாம் அவன் சுற்றிக்கொண்டு போனான்; மதியத்துக்குள் அவன் பங்கான பாதி நிலம் புரண்டுவிட்டது. கரிய மண்ணில் வேரோடு மல்லாந்து கிடந்த புல்லின் மேல் ஒரு ஆள்காட்டி இறங்கி நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. மெய்ராம் விட்டுப்போன பாதியை மறுபடி யாரும் தொடவில்லை. பாதிக் காடே ஆளுநருக்குப் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. புரண்டுபோன நிலத்தைப் பற்றியல்ல. "கொழுந்தன் பேரச் சொல்லிட்டாளாமே." கடையில் அதே பேச்சு, கல்யாண வீட்டில் அதே பேச்சு. மாமியார் அவளுக்குக் கிண்ணத்தில் டீ ஊற்றிக் கொடுப்பதை நிறுத்தினாள். கணவன் நல்லவன், திட்டவில்லை. ஆனால் அவனும், "நிலம் போனாப் போகட்டும், தம்பி மனச ஒடச்சிட்டியே" என்றான். எவ்வளவு முட்டைகள் மண்ணுக்குள் போயின என்று ஒருவராவது கேட்பார்கள் என்று காத்திருந்ததாக என்னிடம் சொன்னாள். நான் கேட்டேன். விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

ஆளுநர் வந்தார். பைன் கன்றுகள் வரிசையாக, பச்சையாக நின்றன. பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். அவர் திரும்பிப் போன வாரத்தோடு தண்ணி லாரியும் நின்றது. ஆகஸ்ட் முடிவதற்குள் கன்றுகள் துரு நிறமாகிவிட்டன. உழுத சால்களில் முள்ளும் களையும் மண்டின. என் குதிரைகள் அந்தப் பக்கம் மூக்கை நீட்டுவதுகூட இல்லை.

யெர்சாயின் வந்து பார்த்தார். காய்ந்த கன்று ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். உல்ஜானிடம், "நீங்க சொன்னது சரிதான் அக்கா" என்றார். அவள் மூச்சுவிடுவதற்குள், "மண்ணு சரியில்ல. அடுத்த வசந்தத்துல அந்த மிச்சப் பாதியில வெச்சுப் பாக்கலாம்" என்றார்.

குளிர்காலம் முழுக்க அவள் மறுபடி அலைந்தாள். கடைசியில் அவள் கேட்டது நடந்தது: புதுக் கன்றுகளைப் பழைய சால்களிலேயே நட ஒப்புக்கொண்டார்கள். செத்துப்போகும் என்று தெரிந்த மரங்களை, ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணில் நடும்படி கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தாள். கடைவாசலில் கைகொடுத்தார்கள். "பரவாயில்லயே உல்ஜான், ஜெயிச்சிட்டியே" என்றார்கள்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "எத ஜெயிச்சேன்?" என்று கேட்டுவிட்டு, ரொட்டி வாங்க மறந்து அப்படியே போய்விட்டாள்.

இந்த மே மாதத்தில் அவளே நின்று கன்றுகளை இறக்கினாள், ஒன்றுகூட வரப்பைத் தாண்டக் கூடாதென்று. மெய்ராம் தண்ணி லாரி ஓட்டினான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உழாத பாதியில் மூன்று ஜோடி ஆள்காட்டிகள் இருந்தன.