ஹார்லன் எழுதிக்கொடுத்த காகிதம்

ஹார்லன் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அக்டோபரில். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணக்கலாம் என்று சட்டம் வந்ததும், கல்யாணம் நடத்திவைக்கும் மாஜிஸ்திரேட்டுகளில் மனசாட்சி இடம் கொடுக்காதவர்கள் எழுதிக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள எங்கள் வட கரோலினாவில் வழி செய்துகொடுத்தார்கள். ஒரே நிபந்தனைதான். விலகினால் ஆறு மாதத்துக்கு யாருடைய கல்யாணத்தையும் நடத்திவைக்கக் கூடாது. எங்கள் ஊரில் மாஜிஸ்திரேட்டுகள் ஹார்லனும் நானும் என இரண்டே பேர். அவர் போகும் பாப்டிஸ்ட் சபைக்குத்தான் நானும் போகிறேன். ஆனால் நான் எழுதிக்கொடுக்கவில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மணிக்கு நான் வேலைக்கு வந்தபோது லொரெட்டாவும் அவள் மணக்கப்போகும் மேவிஸும் காத்திருந்தார்கள். லொரெட்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்; ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அத்தை. கல்யாணத்துக்கென்று இருவரும் புதுச்சட்டை போட்டிருந்தார்கள்.

"ஒம்பது மணிலேர்ந்து உக்காந்திருக்கோம் நாடீன். சட்டம் அப்படி, நாடீன் வந்தாத்தான்னு சொல்லிட்டு ஹார்லன் உள்ள போயிட்டார். மூஞ்சியக்கூடப் பாக்கல. சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தவங்களும் வேலைக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாங்க" என்றாள் லொரெட்டா.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் ஹார்லனின் மகள் கெல்சி, ராணுவ உடுப்பில் இருந்த ட்ராவிஸை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா! இவர திங்கக்கெழமையே வெளிநாட்டுக்கு அனுப்பறாங்களாம். மே மாசம் வெச்சிருக்கற கல்யாணம் வரைக்கும் காத்திருக்க முடியாது. லைசென்ஸ் வாங்கியாச்சு. இப்பவே நடத்திவைங்கப்பா."

சத்தம் கேட்டு வெளியே வந்த ஹார்லனின் முகம் வெளுத்தது. என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"நான் வாயால சொல்லி நடத்தறேன். நீ கையெழுத்து மட்டும் போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"தாயில்லாப் பொண்ணு நாடீன். அவ கல்யாணத்த நான்தான் நடத்திவைப்பேன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லி வளத்திருக்கேன். மே மாசம்னா ஆறு மாசம் முடிஞ்சிருக்கும்."

"வெளிய இருக்கறவங்ககிட்ட காலைல சட்டம் பேசினீங்கல்ல? அதே சட்டந்தான் இதுவும்."

"அவங்கள நெனச்சுத்தானே எழுதிக்கொடுத்தேன்! கெல்சிய நெனச்சா எழுதினேன்?"

அவர் குரல் உடைந்தது. எனக்கு அப்போது இரக்கமே வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. கதவைத் திறந்தால் கெல்சி நின்றிருந்தாள்.

"என்னத்தப்பா எழுதிக்கொடுத்தீங்க?"

அவளிடம் அவர் சொல்லவே இல்லை போலிருக்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டு இப்போது சொன்னார்.

"லொரெட்டா அத்தைக்கு நடத்த மாட்டேன்னு எழுதிக்கொடுத்து, எனக்கும் இல்லாம பண்ணிட்டீங்களா?"

அவர் திரும்பி அறைக்குள் போய்விட்டார்.

முதலில் வந்தவர்களை முதலில் அழைத்தேன். இரண்டு சாட்சி வேண்டுமே என்று மேவிஸ் கையைப் பிசைந்தாள். "நாங்க போடறோம்" என்று கெல்சி முன்னால் வந்தாள். ட்ராவிஸும் வந்தான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மேவிஸுக்கு அழுகை நிற்கவில்லை.

அடுத்தது கெல்சி. நான் நடத்திவைத்தேன். உறுதிமொழி முடிகிற சமயத்தில் ஹார்லன் டையைச் சரிசெய்துகொண்டு அறையிலிருந்து வந்து மேசை அருகில் நின்றார்.

"நடத்திவைக்கத்தான் முடியல. சாட்சிக் கையெழுத்தாவது நான் போடறேன் கண்ணு."

பேனாவை அவர் பக்கம் நீட்டினேன். கெல்சி குறுக்கே கை நீட்டி அதை வாங்கி லொரெட்டாவிடம் கொடுத்தாள்.

"ரெண்டு பேர் போதும்பா. இவங்ககிட்ட கேட்டுட்டேன்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனாலும் பேனாவை அவரிடம் தரவில்லை.